பழைய ரெனால்ட் டஸ்டர் ஆல்-வீல் டிரைவ் (ஏடபிள்யூடி): தேர்ந்தெடுப்பது முதல் மலையேற்றுவது வரை முழுமையான வழிகாட்டி

நண்பர்கள் யாராவது "ஏடபிள்யூடி டஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, பார்க்கலாமா?" என்று கேட்டால், நான் முதலில் கேட்பது "எந்தப் பாதையில் ஓட்டப் போகிறாய்?" என்பதுதான். தினமும் ஓஎம்ஆரில் அலுவலகம் போய்வர என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தோட்டத்துக்குப் போகும் மண் பாதை, மலைக்கிராமத்தில் சொந்தக்காரர் வீடு, ஐப்பசி மழையில் சேறாகிப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர், இப்படி ஏதாவது இருந்தால் உட்கார்ந்து விரிவாகப் பேசுவேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ரெனால்ட் டஸ்டர் 2012-ல் இந்தியாவுக்கு வந்தது. சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடம் ஆலையில் உருவான வண்டி. அதன் நான்கு சக்கர இழுவை மாடல், அதாவது ஏடபிள்யூடி, 2014-ல் வந்து, பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்த 2020 வரை டீசலில் மட்டுமே விற்றது. அதன் பிறகு வந்த 1.3 லிட்டர் டர்போ பெட்ரோல் டஸ்டருக்கு 156 குதிரைத்திறன். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் இழுவை முன் சக்கரங்களுக்கு மட்டும்தான். ஆக, நமக்கு வேண்டிய வண்டி இன்று பழைய கார் சந்தையில் மட்டுமே கிடைக்கும்.

காகிதத்தில் உள்ள எண்களும் காகிதத்தில் தெரியாத மூன்று விஷயங்களும்

1461 சிசி டீசல் இன்ஜின், 110 குதிரைத்திறன், 245 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் மேனுவல். தரையிலிருந்து உயரம் 210 மில்லிமீட்டர். சாதாரண டஸ்டரைவிட 5 மில்லிமீட்டர் கூடுதல். டயர் 215/65 ஆர்16. டிக்கி 410 லிட்டர். முன் சக்கர இழுவை மாடலில் அதுவே 475. டீசல் டேங்க் 50 லிட்டர். 0-விலிருந்து 100-ஐத் தொட 12 வினாடிக்கு மேலாகும்.

இந்த எண்களை இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் சாதாரணமாகத்தான் தெரியும். ஜீப் காம்பஸ் டீசல் 4 வீல் டிரைவில் 2 லிட்டர் இன்ஜின், 350 நியூட்டன் மீட்டர். டஸ்டர் அதன் பக்கத்தில்கூட வராது. இந்த வண்டியின் மதிப்பு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, முதல் கியர். இந்த வண்டியில் தனியாக லோ ரேஞ்ச் கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர், கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்ட முதல் கியரை மிகக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். 1000 ஆர்பிஎம்முக்கு, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது, மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான் போகும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டால் நீங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்து வரலாம்.

இரண்டாவது, பின்பக்க சஸ்பென்ஷன். முன் சக்கர இழுவை டஸ்டரில் பின்னால் இருப்பது ஒரே உத்தரம் போன்ற டார்ஷன் பீம். ஏடபிள்யூடி-யில் மல்டி-லிங்க், அதாவது பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். மண் ரோட்டுக்குப் போகவே போகாதவர்கள்கூட இதற்காக இந்த மாடலை வாங்கியிருக்கிறார்கள். குழி நிறைந்த சாலையில் பின் சீட்டில் உட்கார்ந்து வரும் வயதானவர்களைக் கேட்டால் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் மின்காந்தக் கப்ளிங். ரெனால்ட்-நிஸ்ஸான் கூட்டணியிலிருந்து வந்த தொழில்நுட்பம். முன் சக்கரம் வழுக்கினால் பின்னால் எவ்வளவு இழுவை அனுப்ப வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

வாங்கும்போது இந்த மூன்றையும்தான் சோதிக்க வேண்டும். பெயின்ட் பளபளப்பு, தொடுதிரை, சீட் கவர் எல்லாம் அப்புறம்.

படி 1: வண்டி உண்மையிலேயே ஏடபிள்யூடி-தானா?

விளம்பரத்தில் "4 வீல்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பின் கதவில் ஒட்டிய எழுத்தையும் நம்ப வேண்டாம். உள்ளே கியருக்குப் பக்கத்தில் 2 வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை உள்ள குமிழ் இருக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் மாடல் பெயரைப் பாருங்கள். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். முன்னாலிருந்து பின் அச்சு வரை நடுவே ஷாஃப்ட், அதாவது சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு, ஓட வேண்டும். டஸ்டரின் உடன்பிறப்பான நிஸ்ஸான் டெரானோவில் இந்தியாவில் ஏடபிள்யூடி வரவே இல்லை. அப்படி யாராவது விற்றால் அங்கேயே திரும்பிவிடலாம்.

படி 2: காகிதங்கள், அப்புறம் வெள்ளம்

ஆர்சி, இன்சூரன்ஸ், வங்கிக் கடன் முடிந்ததற்கான சான்று, நிலுவையில் உள்ள அபராதங்கள் ஆகியவை எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. இந்த வண்டிக்கு இரண்டு விஷயம் கூடுதலாகப் பாருங்கள்.

ஒன்று, டெல்லிப் பதிவு. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால் குறைந்த விலைக்கு வெளியூர்களுக்கு வந்த வண்டிகள் உண்டு. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்ந்து வரும். அந்தத் தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக் கணக்குப் போட்ட பிறகே விலை பேசுங்கள். பதிவின் 15 வருட ஆயுளில் எத்தனை வருடம் மிச்சம் என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் மூன்றுமே இந்த வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வந்தவை. முன் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் மண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. சீட்டை முன்னால் தள்ளி, தரையோடு பிடித்திருக்கும் போல்ட்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஏடபிள்யூடி-யின் மின்காந்தக் கப்ளிங்கும் அதன் வயரிங்கும் வண்டிக்கு அடியில் இருப்பவை. மூழ்கிய வண்டியில் கோளாறு எப்போது தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 3: குளிர்ந்த இன்ஜினோடு ஆரம்பியுங்கள்

"நான் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் புகைக்குழாய் பக்கம் நிற்க வேண்டும். லேசான கரும்புகை ஒரு நொடி வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, டர்போ சீலோ இன்ஜினோ ஏதோ ஒன்று செலவு வைக்கும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

இந்த இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட், சங்கிலி அல்ல. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

படி 4: டர்போவை ஓட்டிப் பார்ப்பது

டர்போவில், இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் பொருள் அது. அழுத்தத்தில் சூடேறிய காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து இன்ஜினுக்குள் போகிறது. 110 குதிரைத்திறன் டஸ்டரின் டர்போவில் புகை பாயும் வழியை அகலமாக்கவும் குறுக்கவும் நகரும் இதழ்கள் இருக்கின்றன. 85 குதிரைத்திறன் மாடலில் அவை கிடையாது.

இதை ஓட்டுகிறவர் உணர்வது இப்படி: 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி சோம்பலாக இருக்கும். 1800-ஐ ஒட்டி யாரோ பின்னாலிருந்து கை கொடுத்தது போல இழுக்க ஆரம்பிக்கும். முதல்முறை ஓட்டுகிறவர்கள் பலர் அந்தச் சோம்பலைக் கோளாறு என்று நினைப்பார்கள். அது இந்த இன்ஜினின் சுபாவம். ஆனால் சுபாவம் எது, கோளாறு எது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும்.

போக்குவரத்து இல்லாத நேரான சாலை வேண்டும். மூன்றாவது கியரில் 1300 ஆர்பிஎம் வரை வேகத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். 1800 அருகே இழுவை வந்து 3500 வரை தடையில்லாமல் ஏற வேண்டும். இழுவை வருவதும் போவதுமாக இருந்தால் அந்த இதழ்களில் கரி படிந்து சிக்கியிருக்கலாம். திடீரென்று சக்தி அடங்கி, விளக்கு எரிந்து, வண்டி மாட்டு வண்டி போல் நகர்ந்தால் இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டது. லேசான விசில் சத்தம் இயல்பு. ஆம்புலன்ஸ் சைரன் போல ஏறி இறங்கும் சத்தம் இயல்பல்ல, தண்டின் பேரிங் தேய்ந்திருக்கும்.

அடுத்தது கிளட்ச். நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி வண்டி பின்தங்கினால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. மலைப்பாங்கான ஊரில் ஓடிய வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

முதல் கியர் சோதனை கடைசியில். சற்றே மேடான இடத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மெதுவாக விட்டு வண்டியை ஊர விடுங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டி அதிராமல், அணையாமல் தானே ஏறும். சமதளத்தில் ஆள் குறைவாக இருக்கும்போது இரண்டாவது கியரிலேயே கிளப்பலாம். ஊருக்குள் முதல் கியர் போட்ட மறுகணமே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருப்பது பலருக்கு எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைத் தாங்க முடியாதவர்களுக்கு இந்த வண்டி சரிப்படாது.

படி 5: நான்கு சக்கரமும் வேலை செய்கிறதா?

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. குமிழைத் திருப்பி, டாஷ்போர்டில் விளக்கு மாறுவதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். விளக்கு மாறினால் குமிழ் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

தளர்ந்த மண்ணோ சரளையோ உள்ள லேசான ஏற்றம் ஒன்று தேடுங்கள். கட்டுமானம் நடக்கும் மனைகளுக்குப் போகும் பாதை போதும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் வண்டிக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி, பின் சக்கரம் தெரியும்படி குந்தி உட்கார வேண்டும். வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

குமிழை 2 வீலில் வைத்து, முதல் கியரில் சற்று அழுத்தமாகக் கிளப்புங்கள். முன் சக்கரங்கள் மண்ணைப் பிறாண்டும், பின் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். நிறுத்தி, அதே இடத்துக்குத் திரும்புங்கள். இப்போது ஆட்டோ. முன் சக்கரம் பிறாண்ட ஆரம்பித்த கணத்திலேயே பின்னாலிருந்து தள்ளுவது உங்களுக்கு முதுகில் தெரியும், குந்தியிருப்பவருக்குப் பின் சக்கரம் மண்ணை உதைப்பது தெரியும். மூன்றாவது முறை லாக். நான்கும் ஒன்றாக மண்ணைக் கவ்வ வேண்டும். மூன்று முறையும் பின் சக்கரத் தடம் ஒரே மாதிரி வழவழப்பாகப் பதிந்திருந்தால், முன் சக்கர இழுவை வண்டிக்கு ஏடபிள்யூடி விலை கேட்கிறார்கள்.

லாக் நிலையில், அதே மண்ணில், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். வண்டி சற்றுத் தயங்கித் தயங்கித் திரும்பும். முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, கப்ளிங் அவற்றைக் கட்டிப் பிடிப்பதால் வரும் தயக்கம் அது. தார் ரோட்டில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். மண் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும், காய்ந்த தார் கொடுக்காது, அந்த முறுக்கு முழுவதும் கியருக்கும் ஷாஃப்டுக்கும் போகும்.

படி 6: ரேம்ப்பில் ஏற்றி அடியில் பாருங்கள்

தெரிந்த மெக்கானிக்கின் ரேம்ப்பில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். பின் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) சீல்களில் ஆயில் கசிவு, நடு ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் ஆட்டம், பின் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களில் விரிசல், வயர் இணைப்புகளில் பச்சை பூத்த துரு. இவைதான் பார்க்க வேண்டியவை. அடித்தகட்டில் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், ஓட வேண்டிய இடத்தில் ஓடியிருக்கிறது. தகடு உள்வாங்கி நசுங்கியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இன்ஜின் உதிரிபாகங்களுக்குக் கவலையில்லை. இதே 1.5 டீசல் நிஸ்ஸான், ரெனால்ட் வண்டிகள் பலவற்றில் ஓடியது. ஏடபிள்யூடி-க்கு மட்டுமே உரிய கப்ளிங், நடு ஷாஃப்ட், பின் சஸ்பென்ஷன் கைகள் போன்றவை விலை அதிகம், காத்திருக்கவும் வேண்டும். அதனால் இன்ஜினில் சின்னக் குறை இருந்து பின் அச்சு சுத்தமாக இருக்கும் வண்டியா, இன்ஜின் அருமையாக இருந்து பின் அச்சு உறுமும் வண்டியா என்று வந்தால், நான் முன்னதைத்தான் எடுப்பேன்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த வண்டியைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். 2017-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத அடிப்படை டஸ்டர் 0 நட்சத்திரமும், ஓட்டுநர் ஏர்பேக் உள்ள டஸ்டர் 3 நட்சத்திரமும் பெற்றன. எனவே நீங்கள் பார்க்கும் வண்டியில் எத்தனை ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈஎஸ்பி (வண்டி வழுக்கும்போது தானாகக் கட்டுப்படுத்துவது) இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். சாவியைத் திருப்பும்போது அந்தந்த விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். பின்னால் டிரம் பிரேக்தான்.

படி 7: வாங்கியதும் டயர், அதன் பிறகு ஆயில்

நான் வண்டி வாங்கிய முதல் வருடம். முன் டயர்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. டயர் கடையில், "பின்னாடி ரெண்டும் இன்னும் பத்தாயிரம் ஓடும் சார், முன்னாடி மட்டும் மாத்திக்கலாம்" என்றார்கள். சரி என்று மாற்றினேன். மூன்று வாரம் கழித்து ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, 40 வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, ஏடபிள்யூடி எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. ஓரம்கட்டிக் காத்திருந்தேன். ஆறியதும் விளக்கு அணைந்தது. இறங்கி வந்து பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரைக்கூட எடுக்கவில்லை. சாக்பீஸால் முன் டயரிலும் பின் டயரிலும் தரை தொடும் இடத்தில் கோடு போட்டார். வண்டியை ஒரு சுற்று தள்ளச் சொன்னார். கோடுகள் மறுபடி தரையைத் தொட்ட இடங்களை டேப்பால் அளந்தார். பின் டயர் ஒரு சுற்றில் மூன்று சென்டிமீட்டர் குறைவாக ஓடியிருந்தது.

"தம்பி, மூணு சென்டிதானேன்னு நினைக்காதீங்க. இந்த வண்டிக்கு நாலு டயரும் ஒரே வயசா இருக்கணும்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 215 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குப் பின் சக்கரம் ஆறேழு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். நேர்ச்சாலையிலும் வித்தியாசம் தீராது, வழுக்கல் நடப்பதாக நினைத்துக் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடேறும். அன்றிலிருந்து நான்கையும் ஒன்றாகத்தான் மாற்றுகிறேன். ஒரே கம்பெனி, ஒரே டிசைன், சீரான இடைவெளியில் முன்பின் இடமாற்றம்.

ஆயிலில் பலரும் மறப்பது பின் டிஃபரன்ஷியலை. கிரவுன் ஆயில் என்று கேட்டால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும். முன் கியர்பாக்ஸோடு சேர்ந்திருக்கும் இழுவைப் பிரிப்புப் பகுதிக்கும் ஆயில் உண்டு. முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்று தேடிக்கொண்டிருக்காமல், வாங்கிய வாரமே இரண்டையும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயிலை டர்போவுக்காகவே தாமதிக்காமல் மாற்ற வேண்டும். அந்தத் தண்டு மிதப்பது ஆயிலின் மேல்தான்.

படி 8: குமிழை எப்போது எங்கே வைப்பது

காய்ந்த சாலை, நெடுஞ்சாலை: 2 வீல் போதும். நான் பெரும்பாலும் ஆட்டோவிலேயே விட்டுவிடுகிறேன், மைலேஜில் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு) கணக்கு லிட்டருக்கு 19 சொச்சம் கிலோமீட்டர் என்றாலும், மலையும் ஊரும் கலந்து எனக்குக் கிடைப்பது 14, 15.

மழை, ஈரமான மலைச்சாலை, தார் மேல் மண் பரவிய இடம்: ஆட்டோ.

சேறு, மணல், ஈரப் புல்மேடு: நுழைவதற்கு முன்பே லாக். மாட்டிக்கொண்ட பிறகு லாக் போடுவது தாமதம். லாக்கில் இழுவை முன்னும் பின்னும் சரிபாதி வரை பகிரப்படும். வேகம் கூடினால் தானாக ஆட்டோவுக்குத் திரும்பிவிடும்.

இந்த அமைப்பால் முடியாததும் இருக்கிறது. முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் பூட்டு இல்லாதவை. குறுக்குவாட்டில் ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்றால், சக்தி அந்த இரண்டிலும் வீணாகும். சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து ஈஎஸ்பி கொஞ்சம் உதவும், மஹிந்திரா தார் ஜீப் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. ஆழமான பள்ளங்களை நேராகக் கடக்காமல், சக்கரம் தூக்காத கோணம் பார்த்து நுழையுங்கள். தேரி மண் போன்ற தளர்மணலில் ஈஎஸ்பி அடிக்கடி சக்தியைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடும். அங்கே அதை அணைத்து, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, நிற்காமல் சீராகப் போக வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பிவிடுங்கள்.

கடற்கரை மணலில் மட்டும் தயவுசெய்து இறக்காதீர்கள். தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் நம் கரைகளில் முட்டையிடுகின்றன. மேலே டயர் தடம் மட்டும்தான் தெரியும், அடியில் நசுங்கியது தெரியாது.

தண்ணீர் கடக்கும்போது, இறங்கி நடந்து பார்த்து முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்பிவிடுங்கள். நடுவில் இன்ஜின் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே ஒரு முயற்சியில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, நிற்பதில் மற்ற வண்டிகளைப் போலத்தான். ஈரச் சாலையில் ஏறும்போது கிடைக்கும் பிடிப்பைப் பார்த்து, இறங்கும்போதும் அதே பிடிப்பு இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். பிரேக் பிடிப்பதற்கு ஏடபிள்யூடி ஒரு துளிகூட உதவாது.

படி 9: மலையில் ஓட்டுவது

டர்போ வண்டிக்கு மலையில் ஒரு அனுகூலம் உண்டு. ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குத் திணறும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, மெல்லிய காற்றையே அழுத்திக் கொடுத்துவிடும். மேட்டுப்பாளையத்தில் இருந்த இழுவையில் பெரும்பகுதி குன்னூர் தாண்டியும் இருக்கும்.

ஆனால் அந்த 1800 ஆர்பிஎம்மை நீங்கள்தான் காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும். கொல்லிமலையின் 70 வளைவுகள் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் குறைக்காதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்து, 2000 ஆர்பிஎம்மோடு உள்ளே போங்கள். ஐந்து பேரும் சாமானும் இருந்து வளைவு இறுக்கமாக இருந்தால் தயங்காமல் முதல் கியர். மற்ற கார்களில் ஓடும் வண்டியை முதல் கியருக்குக் கொண்டுவர மனம் வராது. இதில் அந்தக் கியர் இருப்பதே அதற்குத்தான். அரைக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சமவெளியில் முந்தும்போதும் இதே கதை. ஆறாவது கியரில் 80-க்குக் கீழே போய்க்கொண்டு லாரியை முந்த முயன்றால் டர்போ விழிப்பதற்குள் எதிர்வண்டி வந்துவிடும். நான்காவதுக்கு வந்த பிறகு வெளியே எடுங்கள்.

இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். இறக்கத்துக்கென்று தனிப் பொத்தான் இந்த வண்டியில் கிடையாது. முதல் கியரும் இரண்டாவது கியரும் அந்த வேலையைச் செய்யும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், மலைச்சாலையின் விதி அது.

மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். ஏற்றத்தில் சிவக்கச் சூடேறிய டர்போவுக்கு ஆயில் சுற்றிச் சூடு இறங்க அந்த நேரம் வேண்டும். நான் அந்த ஒரு நிமிடத்தில் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன், தொடமாட்டேன். நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி அனல் அடித்தால் சரி. ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறங்குவதற்கு முன் அங்கேயே ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.